வேஷம் போடும் எண்கள்: கணக்கு டீச்சர் பதில்கள்

கேள்வி: டீச்சர், 221 பகா எண்ணா என்று வீட்டுப்பாடத்தில் கேட்டிருந்தார்கள். 2, 3, 5, 7 நான்காலும் வகுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் மீதி வந்தது. பகா எண் என்று எழுதினேன். சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்துவிட்டார்கள். எதுவரைக்கும்தான் வகுத்துக்கொண்டே போவது? *(ஏழாம் வகுப்பு மாணவி)*

பதில்: நீ வகுத்தவரைக்கும் சரி. கொஞ்சம் சீக்கிரம் நிறுத்திவிட்டாய், அவ்வளவுதான். 11, 13 இரண்டும் பாக்கி இருந்தன. 13 × 17 = 221.

எதுவரைக்கும் என்று கேட்டாயே, இந்தப் பாடத்தில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். காரணிகள் ஜோடியாகத்தான் வரும். வகுப்பில் 72-ஐ எடுத்துக்கொண்டு இதைப் போட்டுக் காட்டுவேன். கரும்பலகையின் இடது ஓரத்தில் 1, வலது ஓரத்தில் 72. அடுத்து இடப்பக்கம் 2, வலப்பக்கம் 36. பிறகு 3-க்கு 24, 4-க்கு 18, 6-க்கு 12, 8-க்கு 9. இடப்பக்கம் ஏற ஏற வலப்பக்கம் இறங்கும், சீசா பலகை மாதிரி. 8-உம் 9-உம் முட்டிக்கொள்ளும் இடம் வந்ததும் சாக்பீஸைக் கீழே வைத்துவிடலாம். அதற்கு மேல் எந்தக் காரணியைத் தேடினாலும் அதன் ஜோடி இடப்பக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

இந்த முட்டுகிற இடத்துக்குப் பெயர்தான் வர்க்கமூலம். ஒரு ஜோடியின் இரண்டு எண்களும் ஒருசேர வர்க்கமூலத்தைவிடப் பெரிதாக இருக்க முடியாது. இருந்தால் பெருக்கும்போது எண்ணையே தாண்டிவிடும். ஆகவே ஓர் எண் பகு எண்ணாக, அதாவது 1-ஐயும் தன்னையும் தவிர வேறு காரணியும் உள்ள எண்ணாக இருந்தால், அதன் சின்னக் காரணி வர்க்கமூலத்துக்குள் சிக்கியே தீரும். 14 × 14 = 196, 15 × 15 = 225. 221 இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 14 வரை பார்த்தால் போதும். அதிலும் பகா எண்களால் மட்டும் வகுத்தால் போதும். 2 போகாத எண்ணில் 4 போகாது, 6 போகாது. ஆக மொத்தம் 2, 3, 5, 7, 11, 13. ஆறே வகுத்தல்.

பக்கத்திலிருக்கும் 223-ஐ நீயே போட்டுப் பார். ஒற்றைப்படை எண், 2 போகாது. இலக்கங்களைக் கூட்டினால் 7, எனவே 3 போகாது. கடைசி இலக்கம் 3, எனவே 5 போகாது. 7 × 31 = 217, மீதி 6. 11 × 20 = 220, மீதி 3. 13 × 17 = 221, மீதி 2. முடிந்தது. 223 பகா எண் என்று தைரியமாக எழுதலாம். சந்தேகத்துக்கு 17-ஆல் ஒரு தடவை, 19-ஆல் ஒரு தடவை என்று மேலும் வகுக்கும் பிள்ளைகள் உண்டு. அவர்கள் விடை தப்பாகாது, ஆனால் நேரம் வீண்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் இதை எழுதி வைத்துக்கொள்: 121-ஐவிடச் சின்ன எண்ணுக்கு 7 வரை, 169-க்குள் 11 வரை, 289-க்குள் 13 வரை, 361-க்குள் 17 வரை, 529-க்குள் 19 வரை. ஆயிரத்துக்குள் எந்த எண்ணாக இருந்தாலும் 31-ஐத் தாண்ட வேண்டியதில்லை.

அதே பக்கத்தில் என் பட்டியல் ஒன்றும் இருக்கட்டும். இவற்றை நான் வேஷக்கார எண்கள் என்பேன்: 91, 119, 133, 143, 161, 187, 203, 209, 217, 221. பார்த்தால் பகா எண் மாதிரியே முகத்தை வைத்துக்கொண்டிருக்கும். இவற்றில் பெரிய கில்லாடி 91. நூறுக்குள் 2, 3, 5 மூன்றுக்கும் பிடிகொடுக்காத பகு எண்கள் 49, 77, 91 மூன்றுதான். முதல் இரண்டையும் வாய்ப்பாட்டிலேயே பார்த்திருப்பாய். 7 × 13-ஐ யாரும் மனப்பாடம் செய்வதில்லை. கேள்வித்தாள் தயாரிப்பவர்களுக்கு 91 மேல் இருக்கும் பாசத்துக்கு அதுதான் காரணம்.

கேள்வி: என் மகன் காரணி எது, மடங்கு எது என்று ஒவ்வொரு தேர்விலும் மாற்றி எழுதிவிட்டு வருகிறான். என்ன சொல்லிக் கொடுத்தாலும் மண்டையில் ஏறவில்லை. *(ஒரு தாய்)*

பதில்: இரண்டு சொற்களையும் தனித்தனியாக மனப்பாடம் செய்யச் சொல்லியிருப்பீர்கள். அதை விட்டுவிடுங்கள். முழு வாக்கியமாகச் சொல்லச் சொல்லுங்கள்: "3 என்பது 12-இன் காரணி, 12 என்பது 3-இன் மடங்கு." இரண்டும் ஒரே உறவுதான். யார் பக்கம் நின்று பார்க்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். அக்கா யார், தம்பி யார் என்பதில் அவனுக்குக் குழப்பம் வராதபோது இதில் மட்டும் ஏன் வரப்போகிறது?

12-இன் காரணிகளை எழுதச் சொல்லுங்கள்: 1, 2, 3, 4, 6, 12. பட்டியல் முடிந்துவிடும். மடங்குகளை எழுதச் சொல்லுங்கள்: 12, 24, 36, 48… எழுதிக்கொண்டே இருப்பான், நீங்களாக நிறுத்தச் சொல்லும்வரை. முடிகிற பட்டியலா, முடியாத பட்டியலா என்று கேளுங்கள். 12 மட்டும் இரண்டு பட்டியலிலும் இருக்கிறதே என்று அவனே கேட்டால் பாடம் பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். எந்த எண்ணும் தனக்குத் தானே காரணி, தனக்குத் தானே மடங்கு.

கேள்வி: இரட்டைப்படை எண்களில் 2 மட்டும்தான் பகா எண். தனியாக நிற்கிறதே, பாவமாக இல்லையா?

பதில்: மற்ற இரட்டைப்படை எண்களையெல்லாம் காலி செய்ததே அதுதான். பாவம் பார்க்காதீர்கள்.

கேள்வி: 1-ஐ 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுக்க முடியும். பிறகு ஏன் அதைப் பகா எண் இல்லை என்கிறீர்கள்? எங்கள் தாத்தா படித்த காலத்தில் 1-உம் பகா எண்தான் என்று அடித்துச் சொல்கிறார்.

பதில்: தாத்தா சொல்வதைத் தட்டிவிட முடியாது. 1742-இல் கணித மேதை ஆய்லருக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில் கோல்ட்பாக் என்ற கணிதவியலர் 1-ஐப் பகா எண்களோடு சேர்த்தே எண்ணினார். 1914-இல் அமெரிக்கக் கணிதவியலர் டி.என். லேமர் வெளியிட்ட பெரிய பகா எண் பட்டியலே 1-இல்தான் தொடங்குகிறது.

பிற்பாடு அதை வெளியே அனுப்பியதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 60-ஐப் பகா எண்களின் பெருக்கலாக எழுதினால் 2 × 2 × 3 × 5. வரிசையை மாற்றலாம், ஆட்களை மாற்ற முடியாது. எந்த எண்ணுக்கும் இப்படி ஒரே ஒரு பிரிப்புதான் உண்டு. எண் கணிதத்தின் அஸ்திவாரமே இதுதான். 1-ஐ உள்ளே விட்டால் 1 × 2 × 2 × 3 × 5, 1 × 1 × 2 × 2 × 3 × 5 என்று ஒரே எண்ணுக்குக் கணக்கில்லாமல் பிரிப்புகள் வந்துவிடும். ஒவ்வொரு தேற்றத்திலும் "1 நீங்கலாக" என்று வால் ஒட்டிக்கொண்டே போக வேண்டும்.

"1-ஆலும் தன்னாலும் மட்டும் வகுபடும் எண்" என்று வரையறை சொல்லிக் கொடுப்பதே எனக்குப் பிடிக்காது. உங்கள் கேள்வியே அதிலிருந்து பிறந்ததுதான். "சரியாக இரண்டு காரணிகள் உள்ள எண்" என்று சொல்லிவிட்டால் வழக்கே இல்லை. 1-க்கு ஒரே ஒரு காரணி. எனவே பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை.

கேள்வி: 7-ஆல் வகுபடுமா என்று பார்க்கக் கடைசி இலக்கத்தை இரட்டிப்பாக்கிக் கழிக்கச் சொல்கிறார்கள். இதைவிட எளிய வழி உண்டா?

பதில்: அந்த வழி சரியானதுதான். ஆனால் கழித்துக் கழித்து முடிப்பதற்குள் நேராக 7-ஆல் வகுத்தே முடித்திருக்கலாம். மூன்றிலக்க எண் என்றால் வகுத்துவிடுங்கள், அதுவே சுருக்குவழி.

பெரிய எண்ணுக்கு நான் பயன்படுத்துவது 1001. ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. ஒரே கல்லில் மூன்று மாங்காய். 364728 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். லட்சக் கணக்குக் காற்புள்ளியை மறந்துவிட்டு வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கமாகப் பிரியுங்கள்: 364, 728. பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் 364. இனி இந்தச் சின்ன எண்ணைப் பார்த்தால் போதும். 364 = 7 × 52, போகிறது. 13 × 28, போகிறது. 11-க்கு 33 × 11 = 363, மீதி 1, போகாது. பெரிய எண்ணுக்கும் இதே தீர்ப்புதான். இன்னும் நீளமான எண் என்றால் மும்மூன்று இலக்கத் துண்டுகளை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்துக்கொண்டு போக வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. நண்பரிடம் ஏதாவது மூன்றிலக்க எண்ணை இரண்டு தடவை அடுத்தடுத்து எழுதச் சொல்லுங்கள், 527527 மாதிரி. அதை 7-ஆல் வகுக்கச் சொல்லுங்கள், ஈவை 11-ஆல், அந்த ஈவை 13-ஆல். எங்கேயும் மீதி வராது. கடைசியில் அவர் நினைத்த எண்ணே வந்து நிற்கும்.

கேள்வி: 360-க்கு எத்தனை காரணிகள் என்று போட்டித் தேர்வில் கேட்டார்கள். எழுதி எண்ணுவதற்குள் நேரம் போய்விட்டது. சூத்திரம் உண்டாமே?

பதில்: உண்டு. சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தால் தேர்வறையில் மறந்துவிடும், காரணத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். 360 = 2 × 2 × 2 × 3 × 3 × 5. இதிலிருந்து ஒரு காரணியை உருவாக்க வேண்டும் என்றால் 2-களில் எத்தனையை எடுப்பது? ஒன்றுமே எடுக்காமல் விடலாம், ஒன்று, இரண்டு, மூன்று எடுக்கலாம்: 4 வழி. 3-களில் 3 வழி. 5-இல் 2 வழி. 4 × 3 × 2 = 24. அவ்வளவுதான்.

முழு வர்க்க எண்களுக்கு மட்டும் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரும். 36-க்கு 9 காரணிகள். 6 தனக்குத் தானே ஜோடி என்பதால். "பின்வருவனவற்றில் எதற்கு ஒற்றைப்படை எண்ணிக்கையில் காரணிகள் உண்டு" என்று கேட்டால் வகுக்கவே வேண்டாம், வர்க்க எண்ணைத் தேடுங்கள்.

360 சாதாரண எண் இல்லை. அதற்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 24 காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முந்தைய எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்களைப் பற்றி ராமானுஜன் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840 என்று அந்த வரிசை போகும். 60-க்கு 12 காரணிகள், 840-க்கு 32. உலகமே பகா எண்களின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தபோது, வகுபடுவதில் யார் கெட்டிக்காரர் என்று எதிர்ப்பக்கம் போய்த் தேடியவர் அவர். எனக்கு அந்தக் குறும்பு ரொம்பப் பிடிக்கும்.

கேள்வி: நானாகக் கண்டுபிடித்த ஒன்று. 31 பகா எண். 331, 3331, 33331 எல்லாமே பகா எண்கள். முன்னால் 3 சேர்த்துக்கொண்டே போனால் பகா எண்ணாக வந்துகொண்டே இருக்குமா? *(ஓய்வுபெற்ற கணக்காளர்)*

பதில்: முதலில் ஒரு சபாஷ். தற்செயலாகக் கண்ணில் பட்டதை விடாமல் நாலு படி போட்டுப் பார்த்திருக்கிறீர்கள். உங்கள் வரிசை அதற்கு மேலும் தாக்குப் பிடிக்கும். 333331 பகா எண். 3333331 பகா எண். 33333331-உம் பகா எண்தான். அடுத்த படியில் கவிழ்ந்துவிடும்: 333333331 = 17 × 19607843.

ஏழு தடவை சரியாக வந்ததே, எட்டாவதில் ஏன் இப்படி என்று வருத்தமாக இருக்கும். ஆனால் இது எங்கேயாவது கவிழ்ந்தே தீரும் என்பதை வகுத்துப் பார்க்காமலே சொல்லிவிடலாம். 15 மூன்றுகளை வரிசையாக எழுதினால் வரும் எண் 31-ஆல் மீதியின்றி வகுபடும். உங்கள் 31-க்கு முன்னால் அந்த 15 மூன்றுகளையும் ஒட்டுங்கள். முன்பாதி 31-ஆல் போகும், பின்பாதி 31 தானாகவே போகும், ஆகவே முழு எண்ணும் 31-ஆல் போகும். வரிசையின் முதல் ஆளே பின்னால் வந்து வரிசையை உடைத்துவிடுகிறது. 17-உம் சும்மா இருக்காது. ஒருமுறை நுழைந்த பிறகு ஒவ்வொரு 16 படிக்கும் ஒருமுறை தவறாமல் வரும்.

இதே ஆசை ஆய்லருக்கும் இருந்தது. ஓர் எண்ணை அதன் வர்க்கத்தோடு கூட்டி 41 சேர்த்தால் பகா எண் வரும் என்பது அவர் தந்த அழகான சூத்திரம். 0 முதல் 39 வரை நாற்பது எண்களுக்கு அது ஒரு தடவைகூடப் பொய்க்காது. 40-க்கு 1681 வரும், அது 41 × 41. இன்னொன்றும் பலர் சொல்வது: முதல் சில பகா எண்களைப் பெருக்கி 1 கூட்டினால் பகா எண்தான் வருமாம். 2 × 3 × 5 × 7 × 11 × 13-ஐப் பெருக்கி 1 கூட்டினால் 30031. அது 59 × 509. யூக்ளிட் சொன்னது வேறு. அப்படி வரும் எண்ணை, பெருக்கிய பகா எண்கள் எதனாலும் வகுக்க முடியாது. மீதி 1 வரும். எனவே பட்டியலில் இல்லாத புதிய பகா எண் ஒன்று இருந்தே ஆக வேண்டும். இங்கே அந்தப் புது ஆட்கள் 59-உம் 509-உம்.

கேள்வி: பகா எண், மீச்சிறு பொது மடங்கு எல்லாம் தேர்வைத் தவிர எங்காவது உதவுமா?

பதில்: பற்சக்கரம் செய்பவரைக் கேளுங்கள். 24 பல் சக்கரமும் 36 பல் சக்கரமும் கோத்துச் சுற்றினால் மீச்சிறு பொது மடங்கு, அதாவது இரண்டுக்கும் பொதுவான மடங்குகளில் மிகச் சிறியது, 72. பெரிய சக்கரம் இரண்டே சுற்றுச் சுற்றுவதற்குள் அதே பல் அதே பல்லைக் கடிக்கும். ஒரு பல்லில் குறை இருந்தால் எதிரிலுள்ள அதே சில பற்களே அடி வாங்கித் தேயும். பெரியதை 37 பல்லாக்கினால் மீச்சிறு பொது மடங்கு 888. அதே ஜோடி மறுபடி சந்திக்க 24 சுற்று ஆகும். தேய்மானம் எல்லாப் பற்களுக்கும் பரவிவிடும்.

கேள்வி: நூற்றுக்கணக்கான இலக்கம் உள்ள எண்ணையும் பகா எண் என்று கணினி நொடியில் சொல்கிறது. வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்க்கிறதா? *(கணினி அறிவியல் மாணவர்)*

பதில்: வகுப்பதில்லை. 200 இலக்க எண்ணின் வர்க்கமூலத்துக்கே 100 இலக்கம். அதுவரை வகுத்து முடிக்க எந்த இயந்திரத்தாலும் ஆகாது. கணினி காரணியைத் தேடாமல், எண்ணின் நடத்தையைப் பார்க்கிறது.

1640-இல் பிரெஞ்சுக் கணிதவியலர் ஃபெர்மா சொன்ன உண்மை இது: ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணை எடுத்து, அதில் 1 குறைத்து, 2-ஐ அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, அந்தப் பகா எண்ணாலேயே வகுத்தால் மீதி 1 வரும். 7-க்கு 2-இன் 6-ஆம் அடுக்கு 64, மீதி 1. மீதி வேறாக வந்தால் அது பகா எண்ணே இல்லை.

முதல் கேள்வியில் வந்த 221-ஐயே நிறுத்திப் பார்ப்போம். 2-இன் 220-ஆம் அடுக்கு வேண்டும். பயந்துவிடாதீர்கள், மீதியை மட்டும் வைத்துக்கொண்டு வர்க்கப்படுத்திக்கொண்டே போகலாம். 8-ஆம் அடுக்கு 256, மீதி 35. 16-ஆம் அடுக்குக்கு 35 × 35 = 1225, மீதி 120. 32-க்கு 120 × 120 = 14400, மீதி மறுபடி 35. ஆக 64-க்கு 120, 128-க்கு 35. 220 = 128 + 64 + 16 + 8 + 4. 128-உம் 64-உம் சேர்ந்தால் 35 × 120 = 4200, மீதி 1. 16-உம் 8-உம் சேர்ந்தாலும் அதே 1. மிச்சமிருப்பது 4-ஆம் அடுக்கு, அதாவது 16. கடைசி மீதி 16. எனவே 221 பகு எண். 13-ஐயும் பார்க்கவில்லை, 17-ஐயும் பார்க்கவில்லை.

இந்தச் சோதனையையும் ஏமாற்றும் வேஷக்காரர்கள் உண்டு. 341 = 11 × 31, ஆனால் மீதி 1 வரும். அங்கே 2-க்குப் பதில் 3-ஐ வைத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்ளும். 561, ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729 இரண்டும் பலே ஆசாமிகள். அவற்றோடு பொதுக் காரணி இல்லாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் மீதி 1-ஏ காட்டும். அதனால் கணினிகள் இதைவிடக் கறாரான சோதனைகளைப் பயன்படுத்துகின்றன. சந்தேகத்துக்கே இடமில்லாமல், எந்த எண்ணுக்கும் பொருந்துகிற, இலக்கங்கள் கூடினாலும் நேரம் கட்டுக்குள் நிற்கிற ஒரு வழியை 2002-இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். கயலும் சக்சேனாவும் அப்போதுதான் இளநிலைப் படிப்பை முடித்திருந்தார்கள்.

பகு எண் என்று தெரிவது வேறு, காரணி தெரிவது வேறு. 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் எண் பகு எண் என்று பிரெஞ்சுக் கணிதவியலர் லூக்கா 1876-இல் நிறுவிவிட்டார், காரணி எதையும் காட்டாமல். அதை 193707721 × 761838257287 என்று அமெரிக்கக் கணிதவியலர் கோல் உடைத்துக் காட்டியது 1903-இல். அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசாமல் கரும்பலகையில் இரண்டையும் பெருக்கிக் காட்டிவிட்டு உட்கார்ந்தார், அரங்கம் கைதட்டியது என்பார்கள். இணையப் பரிமாற்றங்களைக் காக்கும் ஆர்எஸ்ஏ முறை நிற்பதே இந்த இடைவெளியில்தான். பெரிய பகா எண்கள் இரண்டைக் கண்டுபிடித்துப் பெருக்குவது எளிது. பெருக்கியதை மட்டும் கையில் கொடுத்தால் பிரிப்பது மகா கடினம்.

கேள்வி: இப்போதைக்கு மிகப் பெரிய பகா எண் எது?

பதில்: தெரிந்தவற்றில் பெரியது 2-இன் 13,62,79,841-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வருவது. 2024 அக்டோபரில் அறிவித்தார்கள். 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள். இந்த இதழில் இடம் போதாது.

அடுத்த இதழுக்கு நான் கேட்பது: 1001 முதல் 1010 வரை ஒரே ஒரு பகா எண்தான் உண்டு. எது என்று மட்டும் எழுதி அனுப்பினால் ஏற்கமாட்டேன். மற்ற ஒன்பதுக்கும் ஆளுக்கொரு காரணியாவது கூடவே வர வேண்டும். 1003-உம் 1007-உம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.